கரைக்குக் கரை நூறு

காத்தாயி மூக்கால் கரையைத் தொட்டாள். தொட்ட வேகத்தில் தலையைத் தூக்கி, "எவ்வளவு மாஸ்டர்?" என்றாள்.

தணிகாசலம் மாஸ்டர் கழுத்தில் தொங்கிய கைக்கடிகாரத்தைக் குனிந்து பார்த்தார். கொக்கின் கழுத்து நீளமானதால் குனிந்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"பதினாலு நிமிஷம்."

"நல்லதா, கெட்டதா?"

"அப்படிக் கேக்கக் கூடாது. நாலு கரை நீந்தியிருக்கே. ஒரு கரை நூறு மீட்டர். மொத்தம் நானூறு. பதினாலை நாலால வகு."

காத்தாயி வகுக்க முயன்றாள். எருமைகளுக்கு அசைபோடாமல் யோசிக்க வராது. வாயில் ஒன்றும் இல்லாததால் வகுத்தல் பாதியில் நின்றது.

"மூணரை," என்றார் மாஸ்டர். "நூறுக்கு மூணரை நிமிஷம். இதுதான் உன் வேகம். இனிமே யாராவது நீ யாருன்னு கேட்டா பேரைச் சொல்லாதே. இதைச் சொல்லு."

"எவ்வளவு வேணும்?"

"ரெண்டரை."

சேற்றில் மல்லாந்து கிடந்த காட்டுப்பன்றி வீரபத்திரன் கண்ணைத் திறக்காமலே பேசினான். "ஒரே ஒரு நிமிஷம்தானே அக்கா அதிகம். அவரு சாப்பிடறதுக்கும் ஒரு நிமிஷம் வேணாமா?"

இதுவும் ஒரு காட்டில் நடந்ததுதான். அந்தக் காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஏரிக்கு அப்பால் ஓர் அணை. ஏரி கோடைதோறும் வற்றிவிடும், அணை வற்றாது. அணையின் எதிர்க்கரையில் கோரைப்புல் எப்போதும் பச்சையாக நிற்கும். ஏரி வற்றிய பிறகு அந்தக் கரைக்குப் போகிறவர்கள் பிழைப்பார்கள். போகாதவர்கள் மழைக்காலம் வரை வற்றிய ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அதுவரை கண் இருந்தால். சுற்றிக்கொண்டு போக வழியில்லை. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. மறுபக்கம் ஊர். ஆகவே நானூறு மீட்டர் தண்ணீரை நீந்தித்தான் தாண்ட வேண்டும். அந்தத் தண்ணீரில் சிங்காரம் ஐயா இருந்தார்.

சிங்காரம் ஐயா முதலை. வயதானவர். முன்பெல்லாம் ஏரிவாசிகள் ஒரே கூட்டமாக அணையில் விழுந்து ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு நீந்துவார்கள். ஐயா ஒருவரைப் பிடிப்பார். மிதிபட்டு மூன்று பேர் மூழ்குவார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டை வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர். அதனால் போன வருஷம் கரையேறி வந்து ஓர் ஏற்பாட்டைச் சொன்னார்.

"என்னைவிட வேகமா நீந்துறவங்க என் விருந்தாளி. நிம்மதியாப் போகலாம். என்னைவிட மெதுவா நீந்துறவங்க என் சாப்பாடு. அவங்க பின்வரிசையில வரட்டும். நான் பின்னாலேயே வர்றேன். எதுக்கு இந்தத் தள்ளுமுள்ளு?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஐயாவின் வேகம் என்ன? அதை அளக்க அவரே சிரமப்பட்டு ஏரிக்கு வந்தார். ஏரியின் ஓரத்தில் அளவுக்காரர்கள் எப்போதோ நட்டுவிட்டுப் போன கல் ஒன்று இருந்தது. அதில் வெள்ளைச் சுண்ணாம்பில் நூறு என்று எழுதியிருந்தது. ஏரி கரைக்குக் கரை நூறு மீட்டர் என்று அதற்குப் பொருள். மாஸ்டரிடம் சுற்றுலாக்காரர்கள் தண்ணீரில் தவறவிட்ட கடிகாரம் இருந்தது. ஐயா ஒரு கரை நீந்தினார். இரண்டரை நிமிஷம். இந்த வயதில் இரண்டரையா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அதை அன்றைக்கே தன் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார்.

மற்றவர்களை அளக்க அப்போது நேரமில்லை. அணைக்கரையில் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். காத்தாயி இரண்டு என்றாள். வீரபத்திரன் ஒன்றரை என்றான். காத்தாயியின் அக்கா சடைச்சி மட்டும், "தோராயமா நாலு இருக்கும்யா," என்றாள். அவளைப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். அவள் பாதி தூரம் போனாள். பிறகு நீந்துவதை நிறுத்திவிட்டாள். "ரெண்டரை எங்க, நாலு எங்க. எதுக்கு வீணா மூச்சு வாங்கணும்," என்று அவள் சொன்னது முன்னால் போனவர்களுக்குக் கேட்டது.

அதன் பிறகு ஐயா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அடுத்த வருஷத்திலிருந்து வாய்ப்பேச்சு செல்லாது. மாஸ்டர் அளந்து சொல்லும் வேகம்தான் வேகம்.

ஆக, காத்தாயியின் உயிர் இப்போது ஒரு நிமிஷத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

பயிற்சி நாள்தோறும் நடந்தது. மாஸ்டர் கூலி எதுவும் வாங்கவில்லை. எருமையும் பன்றியும் நீந்தினால் தண்ணீர் கலங்கும். கலங்கினால் கெண்டைமீன்கள் ஓரத்துக்கு ஓடிவரும். கணுக்கால் தண்ணீரில் நின்றபடி அவர் கற்றுக்கொடுத்தார். மாஸ்டர் நீந்தி யாரும் பார்த்ததில்லை.

"முதல் நூறுல பறக்கிறே. கடைசி நூறுல சாகிறே," என்றார் காத்தாயியிடம். "நாலு நூறும் ஒரே மாதிரி போகணும். தண்ணிக்குள்ள போட்டி மத்தவங்களோட இல்ல, உன் முதல் நூறோடதான்."

"முதல் நூறுல பின்னாடி அவரு வர்ற மாதிரி இருக்கு மாஸ்டர்."

"கடைசி நூறுல?"

"கடைசி நூறுல, வந்தா வரட்டும்னு ஆயிடுது."

"பொன்னுரங்கத்தைப் பாரு. எப்படிப் போறான்."

ஆமை பொன்னுரங்கம் அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தான். அவன் போவதைப் பார்த்து முடிக்க எல்லோருக்கும் பொறுமை இல்லை. நூறுக்கு ஆறு நிமிஷம். முதல் நூறும் ஆறு, நான்காவது நூறும் ஆறு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"வேகத்தைப் பாக்காதே. சீரைப் பாரு," என்றார் மாஸ்டர்.

வீரபத்திரனுக்கு நீந்துவதைவிடக் கணக்கில் ஆர்வம். நானூறை அவன் பன்னிரண்டு நிமிஷத்தில் நீந்தினான், நூறுக்கு மூன்று. ஒருநாள் மாஸ்டர் புதிய சோதனை ஒன்றைச் சொன்னார். ஒரு நாள் நானூறு நீந்த வேண்டும், மறுநாள் இருநூறு. பெரிய நேரத்திலிருந்து சின்ன நேரத்தைக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்கினால், நெடுந்தூரத்துக்குத் தாங்கக்கூடிய வேகம் கிடைக்கும். உலகமெங்கும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார் மாஸ்டர். அவர் போன உலகம் பக்கத்துத் தாலுகா வரை இருந்தது.

வீரபத்திரன் ஓர் இரவு முழுக்க யோசித்தான். மறுநாள் இருநூறு நீந்தும்போது நடுவில் அல்லிக்கொடியில் தலைவைத்துக் கொஞ்சம் தூங்கினான். இருநூறுக்கு எட்டு நிமிஷம் ஆனது.

"பன்னண்டுல எட்டு போனா நாலு. நாலுல பாதி ரெண்டு," என்றான் கரையேறி. "என் வேகம் ரெண்டு, மாஸ்டர்."

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வீரபத்திரனைப் பார்த்தார். அல்லிக்கொடியைப் பார்த்தார்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு," என்றார்.

"ரெண்டு நிமிஷத்துல இவன் ஒரு நூறுகூட நீந்தலையே," என்றாள் காத்தாயி.

"நீந்துறது வேற, வேகம் வேற," என்றார் மாஸ்டர். "வேகம் கணக்குல வர்றது."

காத்தாயிக்கும் தூங்கிப் பார்க்க ஆசைதான். ஆனால் தண்ணீரில் படுத்தால் அவள் நாள் முழுக்கத் தூங்கிவிடுவாள். அதைக் கழிக்கும் அளவுக்குப் பெரிய எண் கிடைக்காது. எனவே உழைத்தாள். தலையைத் தாழ்த்தச் சொன்னால் தாழ்த்தினாள். கொம்பு தண்ணீரைக் கிழிக்கும்படி முகத்தைத் திருப்பச் சொன்னால் திருப்பினாள். உழைப்புக்குப் பலன் தெரிந்தது. மூன்றரை, மூன்றேகால் ஆனது. கத்திரி வெயில் தொடங்கியபோது மூன்று. வெயில் ஏற ஏற இரண்டரை. ஒரு நாள் காலையில் நானூறைத் தொட்டு நிமிர்ந்தபோது மாஸ்டர் கழுத்தை இரண்டு முறை வளைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு," என்றார்.

காத்தாயி அன்று எதிர்ப்பட்ட எல்லோரிடமும் பேசினாள். உடும்பிடம் மூச்சுவிடுவது எப்படி என்று விளக்கினாள். உடும்பு கேட்கவில்லை. நாரைக்குஞ்சுகளுக்கு விடாமுயற்சியைப் பற்றிச் சொன்னாள். மாஸ்டரும் அடக்கமாகத்தான் இருந்தார். எல்லாம் அவள் உழைப்பு, தான் வெறும் வழிகாட்டி என்று தானாகவே போய் ஏழெட்டுப் பேரிடம் சொன்னார்.

பொன்னுரங்கம்தான் முதலில் சந்தேகப்பட்டான். அவன் வளை, ஓரத்து மருதமரத்தின் வேரடியில் இருந்தது.

"மாஸ்டர், ஒரு விஷயம்."

"சொல்லு."

"போன மாசம் வளையிலேர்ந்து தலையை நீட்டினா தண்ணி. இப்ப நடக்க வேண்டியிருக்கு. வந்து சேர்றதுக்குள்ள எதுக்குக் கிளம்பினோம்னு மறந்துபோகுது."

"வயசாகுது பொன்னுரங்கம். நடையிலதான் முதல்ல தெரியும்."

"என் நடை மாறல மாஸ்டர். ஏரி சுருங்குது. ரெண்டு கரையும் உள்ள வந்திருக்கு. இப்ப கரைக்குக் கரை நூறு கிடையாது."

மாஸ்டர் பறந்து போய் அளவுக்கல்லைக் காட்டினார். பொன்னுரங்கம் நடந்து போய்ப் பார்த்தான். அவன் போய்ச் சேர்வதற்குள் மாஸ்டர் காட்டிவிட்டுத் திரும்பியிருந்தார். ஆகவே பொன்னுரங்கம் மறுபடியும் நடந்து வந்தான்.

"கல்லுல என்ன போட்டிருக்கு?" என்றார் மாஸ்டர்.

"நூறு. ஆனா கல்லு அங்க இருக்கு. தண்ணி இங்க இருக்கு."

"கல்லு எங்க இருந்தா என்ன. போட்டது போட்டதுதானே?" மாஸ்டர் ஒரு காலைத் தூக்கி மடக்கிக்கொண்டார். "இதோ பாரு. பிறந்ததிலேர்ந்து நான் நிக்கிறது கணுக்கால் தண்ணியில. இன்னிக்கும் கணுக்கால் தண்ணியிலதான் நிக்கிறேன். கரை நகர்ந்திருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா?"

பொன்னுரங்கம் குனிந்து தண்ணீரைப் பார்த்தான். மாஸ்டரின் காலடியில் கெண்டைகள் முன்பைவிட நெருக்கமாகத் துள்ளிக்கொண்டிருந்தன.

ஏரி மூன்றில் ஒரு பங்கு ஆனபோது காத்தாயியின் வேகம் நூறுக்கு ஒரு நிமிஷம் பத்து விநாடி. நீந்தி முடித்தவள் சற்றுக் குழப்பமாக இருந்தாள்.

"மாஸ்டர், நடுவுல காலுக்கடியில ஏதோ படுது."

"என்ன படுது?"

"தரை மாதிரி."

"அதைக் கண்டுக்காதே. இந்த வேகத்துல தண்ணி அப்படித்தான் கெட்டியா இருக்கும்."

அன்றே கடைசி அளவு என்று அறிவித்துவிட்டார். பொன்னுரங்கத்தையும் அளந்தார். "உனக்கே ரெண்டு வந்திருக்கு. பாத்தியா? சந்தேகப்பட்டே."

பொன்னுரங்கம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

அன்று மாலை காத்தாயி மருதமரத்தடிக்கு வந்தாள். காய்ந்த புல்லை மென்றாள். பிறகு, "அண்ணே," என்றாள், "நீங்க சொல்றது சரின்னா எனக்கு எவ்வளவு?"

"மூணரை."

"இத்தனை நாள் நீந்தினதுக்கு அப்புறமுமா?"

"இத்தனை நாளும் நீ மூணரையிலதான் நீந்தினே. சீரா நீந்தினே. அதுல தப்பு சொல்ல முடியாது."

"மூணரைன்னா பின்வரிசை."

"ஆமா."

"நீங்க சொல்றது தப்புன்னா?"

"முன்வரிசை."

காத்தாயி புல்லை விழுங்கினாள். "அப்ப தப்பாவே இருக்கட்டுமே அண்ணே. உங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு? உங்களுக்கும்தான் ரெண்டு குடுத்திருக்காரு."

பொன்னுரங்கம் யோசித்தான். அவன் யோசிப்பதும் ஒரே வேகத்தில்தான் நடக்கும். "எனக்கு ஒண்ணும் குறையல," என்றான். "ஆனா நூறுங்கிறது நூறா இல்லேன்னா, அப்புறம் ஆறுங்கிறது என்ன? நான் வேற எதுவும் பெருசா செஞ்சதில்ல காத்தாயி. ஆறுல நீந்தியிருக்கேன். அவ்வளவுதான்."

"யாருகிட்டயும் சொல்லாதீங்க."

"நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். கேட்டா சொல்லுவேன்."

"யாரும் கேக்க மாட்டாங்க. இத்தனை வருஷத்துல உங்களை யாராவது ஏதாவது கேட்டிருக்காங்களா?"

பொன்னுரங்கம் அதையும் யோசித்தான். இல்லை என்றுதான் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து எல்லோரும் அணைக்கரையில் வரிசையில் நின்றார்கள். சிங்காரம் ஐயா பாதி உடம்பு கரையிலும் பாதி தண்ணீரிலுமாகக் கிடந்தார். வெளியே வந்தால் முழங்கால் வலிக்கிறது என்றார். மாஸ்டர் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வேகத்தைச் சொன்னார். மான்கள் முதலில் போயின. அவற்றின் வேகத்தை ஐயா முழுதாகக் கேட்கவில்லை. கையை ஆட்டிவிட்டார்.

"வீரபத்திரன். ரெண்டு."

"பன்னி நல்லாத்தான் நீந்தும்," என்றார் ஐயா.

"காத்தாயி. ஒண்ணு பத்து."

ஐயா வாயை மூடினார். அதுவரை அது திறந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"யாரு?"

"காத்தாயி. நூறுக்கு ஒரு நிமிஷம் பத்து விநாடி."

"எருமையா?"

"உழைப்பு, ஐயா," என்றார் மாஸ்டர்.

ஐயா காத்தாயியைக் கொம்பிலிருந்து குளம்பு வரை பார்த்தார். "மானுக்கே ஒண்ணரைதானே சொன்னீங்க. இதை உங்களைத் தவிர வேற யாராவது பாத்தாங்களா?"

வரிசையில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். உண்மையாகவே பார்த்திருந்தார்கள். ஒரு தலை மட்டும் ஆடவில்லை.

"பொன்னுரங்கம், நீ ஏன் தலையை ஆட்டல?"

பொன்னுரங்கம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"அது பதில் இல்ல," என்றார் ஐயா பொறுமையாக. "ஓடுதான் பேசுதுன்னு நான் எடுத்துக்க முடியாது. கேக்கிறேன், சொல்லு."

கேட்டுவிட்டார். ஓட்டுக்குள்ளிருந்து பொன்னுரங்கம் சொன்னான். ஏரி சுருங்கியதைச் சொன்னான். அளவுக்கல் எங்கே நிற்கிறது, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சொன்னான். கரைக்குக் கரை இப்போது மூன்றில் ஒரு பங்குதான் என்றான். ஒன்று பத்தை மூன்றால் பெருக்கினால் மூன்றரை.

காத்தாயியின் பின்னங்கால்கள் ஓரடி பின்னால் நகர்ந்தன. அவள் யாரையும் பார்க்கவில்லை. அணைக்கு அந்தப் பக்கம் தெரிந்த பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப பின்வரிசை," என்றார் ஐயா. அவர் குரலில் கொஞ்சம் உற்சாகம் வந்திருந்தது.

பொன்னுரங்கம் தலையை வெளியே நீட்டினான். காத்தாயியின் கால்களைப் பார்த்தான். அவன் கண்ணுக்கு நேராக அவைதான் இருந்தன.

"ஐயா, கணக்கு இன்னும் முடியல," என்றான்.

"என்ன பாக்கி?"

"உங்களை அளந்ததும் அந்த ஏரியிலதான்."

ஐயா வாலைத் தண்ணீரில் ஒரு முறை புரட்டினார்.

"என்னிக்கு அளந்தோம் மாஸ்டர்?" என்றார் ஐயா.

"போன கோடையில, ஐயா. கடக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னால." சொல்லிவிட்டு மாஸ்டர் மடக்கியிருந்த காலை இறக்கி மறு காலை மடக்கினார்.

"அன்னிக்கு ஏரி எவ்வளவு இருந்தது?"

"கணுக்கால் அளவு இருந்தது," என்றார் மாஸ்டர்.

"உங்களைக் கேக்கல. பொன்னுரங்கம்?"

"பாதி, ஐயா. நீங்க வந்த அன்னிக்கு நான் தண்ணிக்குப் போகாம சேத்துலயே இருந்தேன். நல்லா ஞாபகம் இருக்கு."

"பாதின்னா?"

"அம்பது மீட்டரை ரெண்டரை நிமிஷத்துல நீந்தினீங்க. நூறுக்கு அஞ்சு."

"அஞ்சு," என்றார் ஐயா.

"காத்தாயி மூணரை. வீரபத்திரன் மூணு. ரெண்டு பேரையும் உங்களால பிடிக்க முடியாது. யாரும் பயப்பட வேண்டியதில்ல." பொன்னுரங்கம் பெருமையாகச் சொல்லவில்லை. வகுத்து வந்த விடையைச் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

"பேரப்பிள்ளைங்ககிட்ட ரெண்டரைன்னு சொல்லிட்டேனே," என்றார் ஐயா, யாரிடம் என்றில்லாமல்.

காத்தாயி ஓரடி முன்னால் வந்தாள். பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, அக்காவுக்கு நாலு."

பொன்னுரங்கம் அவளைப் பார்த்தான்.

"அவளே சொன்னா. தோராயமா நாலுன்னு. நாலுன்னா..."

கணக்கு எளிதானதுதான். வகுக்கக்கூட வேண்டாம். பொன்னுரங்கம் அதை மட்டும் சொல்லவில்லை. அவன் வாழ்நாளில் விடை தெரிந்தும் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

ஐயா தொண்டையைச் செருமினார். "சரி. பேசினது பேசினதுதான். என்னைவிட வேகமா நீந்துறவங்க விருந்தாளி. மெதுவா நீந்துறவங்க சாப்பாடு. என் வேகம் அஞ்சுன்னா அஞ்சு. நான் வார்த்தை மாற மாட்டேன்." பிறகு வரிசையை நிதானமாகப் பார்த்தார். "அஞ்சுக்கு மேல யாராவது இருக்கீங்களா?"

எல்லோருடைய கண்ணும் மாஸ்டர் பக்கம் போனது.

"பொன்னுரங்கம், உனக்கு மாஸ்டர் எவ்வளவு குடுத்தாரு?"

"ரெண்டு, ஐயா."

"ரெண்டு," என்று மாஸ்டரும் அவசரமாகச் சொன்னார். "நானே அளந்தேன். ரெண்டேதான்."

"நீ என்ன சொல்றே?"

காத்தாயி குனிந்து, மூக்கால் பொன்னுரங்கத்தின் ஓட்டை ஒரு தட்டுத் தட்டினாள். அவனுக்குப் புரியாமல் இல்லை.

"ஆறு," என்றான் பொன்னுரங்கம்.

"கஷ்டமாத்தான் இருக்கு," என்றார் ஐயா. அவர் முகத்தைப் பார்த்தால் கஷ்டம் தெரியவில்லை. ஆனால் முதலையின் முகத்தில் எதுவும் தெரியாது என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது.

"ஐயா, ஒரு வேண்டுகோள்," என்றான் பொன்னுரங்கம்.

"கேளு."

"என்னை நாலு நிமிஷம் முன்னால விடுங்க."

"நாலு எதுக்கு?"

"நானூறுக்கு எனக்கு இருபத்திநாலு நிமிஷம். உங்களுக்கு இருபது. நாலு நிமிஷம் குடுத்தா ரெண்டு பேரும் ஒண்ணாக் கரையைத் தொடுவோம். அப்புறம் நான் ஏறிடுவேன்."

ஐயா யோசித்தார். "மூணு தர்றேன்."

"மூணு போதாது ஐயா. மூணு குடுத்தா சரியா முந்நூறாவது மீட்டர்ல பிடிச்சிடுவீங்க."

"அப்படியா," என்றார் ஐயா. இந்த முறை அவருக்கு உண்மையாகவே அக்கறை வந்தது. "முந்நூறுலயா?"

"ஆமா. வேணும்னா போட்டுப் பாருங்க."

"வேணாம். உன் கணக்கு தப்பாது." ஐயா கண்ணை மூடித் திறந்தார். "மூணு."

மாஸ்டர் கடிகாரத்தின் பொத்தானை அழுத்தினார். எல்லோரும் தண்ணீரில் இறங்கினார்கள். வீரபத்திரன் முதல் நூறில் பறந்தான், கடைசி நூறில் திணறினான், ஆனாலும் போய்ச் சேர்ந்தான். காத்தாயி நாலு நூறும் ஒரே மாதிரி போனாள். பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்கவே இல்லை. எதிர்க்கரையில் ஏறி நின்று உடம்பைச் சிலிர்த்தாள்.

மாஸ்டர் மேலே பறந்தபடி இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் முதல் நூறை ஆறு நிமிஷத்தில் முடித்தான். இரண்டாவது நூறும் ஆறு. பின்னால் தண்ணீர் பிளந்து வரும் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவன் வேகத்தைக் கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை. மூன்றாவது நூறும் ஆறு. நான்காவது நூறு இல்லை.

மாஸ்டர் எதிர்க்கரையில் வந்து கணுக்கால் தண்ணீரில் இறங்கினார்.

"மூணு நூறும் ஒரு விநாடிகூடப் பிசகல," என்றார். "இவ்வளவு சீரான நீச்சலை நான் பாத்ததே இல்ல. அடுத்த வருஷம் எல்லாருக்கும் இதைத்தான் சொல்லிக்குடுக்கப் போறேன்."

"என்னுது எவ்வளவு மாஸ்டர்?" என்றாள் காத்தாயி.

"பதினாலு. நூறுக்கு மூணரை." அவர் சற்றுத் தயங்கினார். "அணைத் தண்ணி கனம். ஏரியா இருந்தா ஒண்ணு பத்துதான்."

"ரெண்டும் தண்ணிதானே," என்றாள் காத்தாயி.

"அக்கா, என்னுது பன்னண்டு," என்று புல்லுக்குள்ளிருந்து வீரபத்திரன் கத்தினான். "இதுல எட்டைக் கழிச்சுப் பாதியாக்கினா மறுபடியும் ரெண்டுதான்."

தூரத்தில் சிங்காரம் ஐயா ஒரு பாறையில் ஏறிப் படுத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்குவது இங்கிருந்தே தெரிந்தது. மான்கள் ஏற்கெனவே மேய்ந்துகொண்டிருந்தன. காத்தாயியும் கோரைப்புல்லுக்குள் நடந்தாள். நீர் ஓரத்தில் இளம் பாசி ஒரு திட்டாகப் படர்ந்திருந்தது. எருமைகள் அதைத் தின்பதில்லை, ஆமைகள்தான் தின்னும். அவள் வழி அதன் மேலேயே போனது. அந்த இடத்தில் அவள் குளம்பைத் தூக்கி, பாசியைச் சுற்றிக்கொண்டு போய், மறுபக்கத்தில் மேயத் தொடங்கினாள்.

நீதி: ஊரில் உள்ள எல்லோருடைய வேகத்தையும் நீயே சரியாகக் கணக்கிடு, உன்னுடையதை மட்டும் கொக்கிடம் கொடுத்துவிடு.